அலாரம் வாசலுக்கு வெளியே, ஆள் உள்ளே: குடியிருப்பு நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் புறநகரிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் எலெக்ட்ரீசியன். இருபத்தாறு வருடமாக ஃபிளாட்களில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டடங்கள் சிலவற்றில் நானே ஏணி போட்டு ஏறியிருக்கக்கூடும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகை அலாரம் வேண்டும் என்ற விஷயத்தைச் செயலாளர்களிடம் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த பொதுக்குழுவில் வைக்கலாம்" என்பார்கள், அத்தோடு போய்விடும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வைகாசி மாதம். ஒன்பது மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. மகன், மருமகள், குழந்தை மூவரும் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். பாட்டிக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. அவர் பக்கத்து அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். இரவு இரண்டரை மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் ஹால் கதவைத் திறந்து சுவிட்சைப் போடுகிறார். "விளக்கு எரியுது தம்பி, ஆனா வெளிச்சம் வரல" என்று என்னிடம் சொன்னார். கண் மங்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாராம். அடுத்த மூச்சில் இருமல் வந்திருக்கிறது. உடனே கைத்தடியால் மகன் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பாட்டி மட்டும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அங்கே போனேன். ஹாலில் இடுப்பு உயரத்துக்கு மேலே சுவர் முழுக்கக் கறுப்பு. கீழே பெயின்ட் அப்படியே வெள்ளையாக இருந்தது, நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல. தினசரிக் காலண்டரைக் கழற்றினேன். அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம். நெருப்பு என்று பார்த்தால் அதிகம் இல்லை. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் பிளக் சாக்கெட்டில் சரியாக உட்காராமல் வெகுநாளாகச் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று ராத்திரி பிளாஸ்டிக் உருகிக் கீழே எடைக்குப் போட வைத்திருந்த பழைய பேப்பர் கட்டின்மேல் சொட்டியிருக்கிறது. பேப்பர் கட்டு கொழுந்துவிட்டு எரியவே இல்லை. கரிமூட்டம்போல உள்ளுக்குள்ளேயே கனன்று, மணிக்கணக்கில் புகையை மட்டும் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"எம்சிபி ஏன் விழவில்லை? ஆர்சிசிபியும் இருக்கிறதே?" என்று அந்தக் கட்டடத்துச் செயலாளர் கேட்டார். எல்லாச் சங்கங்களிலும் கேட்கிற கேள்விதான் இது. இரண்டும் மெயின் போர்டில் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்சுகள். கரண்ட் அளவுக்கு மீறிப் போனால் எம்சிபி விழும். கரண்ட் பூமிக்குக் கசிந்தால் ஆர்சிசிபி விழும். லூஸ் கான்டாக்டில் இரண்டுமே நடப்பதில்லை. ஃபிரிட்ஜ் எடுக்க வேண்டிய கரண்டைத்தான் எடுக்கிறது. அது போகிற வழியில் ஒரு முனை தளர்ந்திருப்பதால் அந்த இடம் மட்டும் பழுக்கக் காய்கிறது. போர்டில் இருக்கிற எந்த சுவிட்சுக்கும் அது தெரியாது. பெட்டி உருகிக் கரியாகிற வரை எல்லாம் "ஆன்" ஆகவே இருக்கும். நான் கழற்றுகிற சுவிட்ச் பாக்ஸ்களில் இப்படிக் கருகிய நியூட்ரல் முனைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதைக் கண்டு சத்தம் போட வீட்டுக்குள் வேறொன்று இருக்க வேண்டும்.

மூக்கு காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். தூங்குகிறவரை எழுப்ப வாசனை போதாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அது ஆளை மேலும் அசத்தும். வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மேல் நெருப்பு படுவதற்கு முன்பே புகையால் மயங்கிவிடுகிறவர்கள். ஆனால் காது தூக்கத்திலும் திறந்தேதான் இருக்கிறது.

அன்று கிளம்பும்போது அந்த வீட்டு வாசலுக்கு வெளியே, காரிடார் சீலிங்கை நிமிர்ந்து பார்த்தேன். வட்டமாக ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடி. கட்டட வேலை நடக்கும்போது சிமென்ட் தூசி போகாமலிருக்கக் கம்பெனியிலிருந்து மாட்டி அனுப்புகிற மூடி அது. சாவி கொடுத்து ஆறு வருடமாகியும் அதை யாரும் கழற்றவில்லை. ஏணி கேட்டு வாங்கி, ஏறி நானே கழற்றினேன். அந்த மாடியில் நான்கு, மேல் மாடியில் நான்கு, எல்லாமே மூடியோடுதான் இருந்தன. கீழே செக்யூரிட்டி அறையில், டிடெக்டர்கள் எல்லாம் வந்து சேர்கிற ஃபயர் பேனலில் "ஃபால்ட்" விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பஸரை யாரோ அமுக்கி நிறுத்தியிருந்தார்கள்.

மூடியைக் கழற்றுவது அரைநாள் வேலை. இந்த வாரமே செய்துவிடலாம். ஆனால் மூடி இல்லாமல் இருந்திருந்தாலும் அன்று ராத்திரி அந்த டிடெக்டர் கத்தியிருக்காது என்பதுதான் நான் சொல்ல வந்தது. புகை வீட்டுக்குள் இருந்தது, வாசற்கதவு பூட்டியிருந்தது. கதவைத் தாண்டிப் புகை வெளியே வருகிறபோது உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் முடிந்திருக்கும். காரிடார் டிடெக்டர் காரிடாரைக் காக்கும், மற்ற வீட்டுக்காரர்களை எச்சரிக்கும். தீப்பிடித்த வீட்டில் தூங்குகிறவருக்கு அவர் வீட்டு சீலிங்கிலேயே ஒரு அலாரம் வேண்டும்.

தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று போன்ற கெடுபிடியெல்லாம் அதற்குமேல்தான். நம் ஊர் ஃபிளாட்களில் ஏராளமானவை அந்த உயரத்துக்குக் கீழே கார் பார்க்கிங்கும் நான்கைந்து மாடியுமாக நிற்கிறவை. அங்கே காரிடாரில்கூட ஒன்றும் இருக்காது. படிக்கட்டு ஓரம் ஒரு சிவப்பு சிலிண்டர், அதன் சீட்டில் காலாவதியான தேதி, அவ்வளவுதான்.

சரி, எந்த அலாரம் வாங்குவது? இங்கேதான் சங்கங்கள் தவறுகின்றன. இதை விளக்கமாகவே சொல்கிறேன்.

புகை அலாரத்தில் பிரதானமாக இரண்டு வகை. முதலாவது அயனி வகை. இதன் கதை 1930களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. வால்டர் யேகர் என்ற இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய முயன்றார். விஷவாயு அந்தக் கருவியில் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட் பற்றவைத்தபோது மீட்டரின் முள் அசைந்தது. இன்றைய அயனி அலாரத்துக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் கடுகளவுக்கும் குறைவாக இருக்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகைத்துகள் நுழைந்தால் அந்த ஓட்டம் குறையும், அலாரம் கத்தும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை இது சட்டென்று பிடிக்கும். அதனால் பேப்பர், எண்ணெய் என்று குபுகுபுவென எரிகிற தீக்கு இது முந்திக்கொள்ளும். கனன்று புகைகிற தீயில் மிகவும் பிந்திவிடும்.

இரண்டாவது ஒளி வகை. கடையில் ஃபோட்டோ எலெக்ட்ரிக் என்று கேளுங்கள். இருட்டான ஒரு சிறிய அறைக்குள் ஒரு ஒளிக்கதிர் போய்க்கொண்டிருக்கும். அதை நேராகப் பார்க்காதபடி ஓரமாக ஒரு சென்சார் இருக்கும். ஜன்னல் வழியே விழுகிற வெயிலில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். புகை உள்ளே போனதும் அதேபோல ஒளி சிதறி சென்சாரில் பட, அலாரம் கத்தும். பருமனான துகள் உள்ள புகை, அதாவது மெத்தை, சோபா, ஒயர், பேப்பர் கட்டு கனன்றால் வருகிற புகை, இதில்தான் சீக்கிரம் மாட்டும். பாட்டி வீட்டில் பிடித்த தீ அந்த வகை. நான் போய்ப் பார்த்த கரிந்த வீடுகளில் ராத்திரி நடந்தவை பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான்.

அதனால் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் ஒளி வகைதான் வேண்டும். தயங்காமல் சொல்கிறேன். அயனி வகைக்கு நம் வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கடுகு தாளித்தால் கத்தும், மிளகாய் வறுத்தால் கத்தும். மூன்று நாள் கத்தினால் நான்காம் நாள் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்கள். இதெல்லாம் போக, அதற்குள் இருப்பது கதிரியக்கப் பொருள். இந்தியாவில் அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது, ஆயுள் முடிந்ததும் குப்பையோடு போட முடியாது. இரண்டு சென்சாரையும் ஒரே உடலில் வைத்து விற்கிறார்களே என்றால், அவையும் நல்லவைதான், வசதி உள்ளவர்கள் வாங்கட்டும்.

அடுக்களைக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அங்கே வெப்ப அலாரம் போடுங்கள். அது புகையைப் பார்க்காது, சூட்டைத்தான் பார்க்கும். சீலிங்கில் ஏறக்குறைய 57, 58 டிகிரி செல்சியஸ் வந்தால் கத்துவது ஒரு வகை. சூடு திடீரென்று ஏறினாலே கத்துவது இன்னொரு வகை. அப்பளம் பொரித்தாலும் தோசைக்கல் புகைந்தாலும் பேசாமல் இருக்கும், எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் கத்தும். ஆனால் புகை அலாரத்தைவிடத் தாமதமாகத்தான் எழுப்பும். அதனால் தூங்குகிற இடத்தில் அதை வைக்கக் கூடாது.

கேஸ் கசிவுக்கு இவை ஒன்றும் உதவா. அதற்குத் தனி சென்சார் இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதனால் அதைத் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில், சிலிண்டர் பக்கமாகப் பொருத்த வேண்டும். சீலிங்கில் பெருமையாக மாட்டி வைத்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துக் கழற்றி இறக்கியிருக்கிறேன். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை வெளியே மாற்றுங்கள். மாற்றுகிற வரைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வையுங்கள்.

வாங்கும்போது செய்கிற ஒரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டிடெக்டர் வேறு, அலாரம் வேறு. டிடெக்டர் வெறும் மூக்கு, அதற்கு வாய் கிடையாது. இரண்டு ஒயர் இழுத்துக் கீழே பேனலில் சேர்த்தால்தான் எங்கோ மணி அடிக்கும். அலாரம் என்பது மூக்கு, வாய், பேட்டரி மூன்றும் ஒரே உடலில் உள்ளது. ஒரு சங்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று நூற்றுக்கும் மேல் டிடெக்டர் வாங்கி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது. பேனல் கிடையாது, ஒயர் கிடையாது. எல்லாரும் ஸ்க்ரூ போட்டு சீலிங்கில் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்றுகூட எந்தக் காலத்திலும் சத்தம் போடாது. கடையில் கேட்கும்போது "தனியாக வேலை செய்யும் ஸ்மோக் அலாரம், ஒளி வகை" என்று கேளுங்கள். பெட்டியில் இஎன் (EN) 14604 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ யூஎல் (UL) 217 என்ற அமெரிக்கத் தர எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருட லித்தியம் பேட்டரி உள்ளேயே சீல் செய்து வருவது மேல். சுவரைக் கொத்த வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போடவும் முடியாது.

எங்கே மாட்டுவது? ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஹாலில் ஒன்று. சீலிங்கின் நடுவில் என்று கையேட்டில் போட்டிருக்கும். நம் வீடுகளில் நடுவில் ஃபேன் தொங்குகிறது. ஃபேன் காற்று புகையைத் தள்ளிவிடும். இறக்கையின் நுனியிலிருந்து மூன்றடியாவது தள்ளி மாட்டுங்கள். ஏசி காற்று நேராக வீசுகிற இடமும் ஆகாது. சுவரும் சீலிங்கும் சேர்கிற மூலையிலும் புகை சரியாக எட்டாது, நான்கு அங்குலமாவது விடுங்கள். அடுப்பிலிருந்து பத்தடி தள்ளியிருக்கட்டும். பாத்ரூம் கதவுக்கு நேரே வேண்டாம், வெந்நீர் ஆவியைப் புகை என்று நினைத்துக்கொள்ளும்.

சாம்பிராணி போடும்போது என்ன செய்வது என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் ஆயுதபூஜைப் புகையையும் விட்டுவிடச் சொல்ல முடியாது. பூஜை அறையிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பிறகு, தற்காலிகமாக அமைதிப்படுத்தும் பட்டன் உள்ள மாடலாக வாங்குங்கள். ஒரு தடவை அமுக்கினால் சில நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் தானாக மறுபடி வேலைக்கு வந்துவிடும். பாலிதீன் கவர் கட்டி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். கிரகப்பிரவேச ஹோமத்துக்குக் கட்டின கவர் சஷ்டியப்தபூர்த்தி வரை அப்படியே இருக்கும்.

ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற அலாரங்களும் வருகின்றன. ஹாலில் புகை வந்தால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கத்தும். கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிற குடும்பத்துக்கு இதுதான் சரி. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், ஏசி இரைச்சலில் தூங்குகிறவருக்கு ஹால் அலாரம் காதில் விழாமல் போகலாம்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறார்கள். சாதாரண அலாரத்தின் சத்தம் கீச்சென்று ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸில் வருகிறது. வயதானால் முதலில் மங்குவது அந்த உயர்ந்த ஒலிதான். காது மிஷினைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு அது கேட்கவே கேட்காது. 520 ஹெர்ட்ஸில் கனமாக ஒலிக்கிற அலாரங்களும், தலையணைக்கு அடியில் அதிர்கிற தட்டும், பளிச்சிடுகிற விளக்கும் இதற்கென்றே இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாக அலைவதைவிடச் சங்கம் சேர்ந்து வரவழைப்பது சுலபம். உங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொண்டு எந்தெந்த வீட்டில் காது மந்தமானவர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் இதையெல்லாம் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குள் புகை அலாரம் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2011இல் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒளி வகை அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, என்று சட்டம் வந்தது. வீடுகள் அனைத்தும் மாறிவிட 2027 ஜனவரி 1 கெடு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து அடுக்களைக்கு வெப்ப அலாரமும் சேர்த்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம். நம் அரசும் போடட்டும், அதற்கும் மனு கொடுக்கலாம். அதுவரை பொதுக்குழுத் தீர்மானம் போட உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், சங்கமே கார்பஸ் ஃபண்டிலிருந்தோ தவணை முறையிலோ மொத்தமாக வாங்கி எல்லா வீட்டிலும் மாட்டித் தரட்டும். சாதாரண ஒளி வகை அலாரம் ஒன்று நல்ல மிக்ஸியின் விலையைத் தாண்டாது. வாடகை வீடென்றால் உரிமையாளர் பங்கை அவரிடமே வாங்குங்கள். லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் போடுவதுபோல இதற்கும் ஒரு ரிஜிஸ்டர் போடுங்கள். எந்த வீடு, எந்த அறை, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பத்து வருடத்தில் சென்சார் சோர்ந்துவிடும், பட்டனை அமுக்கினால் கத்தினாலும் மாற்றியே ஆக வேண்டும். வருடம் ஒருமுறை தூசியும் சிலந்தியும் போக வாக்வம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். பெயின்டிங் கான்ட்ராக்டர் வேலை முடித்து பில் கொடுக்கும்போது, சீலிங்கில் ஒட்டிய டேப்பை எல்லாம் எடுத்தாரா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை "கிக்" என்று சத்தம் வந்தால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். அதைச் செக்யூரிட்டிக்கும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும்கூடச் சொல்லி வையுங்கள். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் கணக்குப்படி அந்த நாட்டில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூவர், அலாரம் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீடுகளில் இருந்தவர்கள்.

இன்னும் ஒன்று. அலாரம் எழுப்பிவிடும், ஆனால் வெளியே போக வழி வேண்டும். பால்கனி கிரில்லுக்குப் பூட்டு போட்டு, சாவியைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்ட், பழைய சைக்கிள், அட்டைப்பெட்டி. மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு. இதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வந்து ராத்திரி ஹாலில் சார்ஜ் போடுகிறவர்கள் இருந்தால், கீழே பார்க்கிங்கில் அதற்கென்று ஒரு இடம் ஒதுக்கிக் கொடுங்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் எந்த அலாரமும் அதிக நேரம் வாங்கித் தராது.

அந்த மூன்றாவது மாடி வீட்டில் இப்போது மூன்று ஒளி வகை அலாரமும் அடுக்களையில் ஒரு வெப்ப அலாரமும் இருக்கின்றன. நான்கும் இணைந்தவை. நான்தான் மாட்டினேன். மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில், ஸ்டூல் ஏற முடியாத பாட்டி கைத்தடியின் ரப்பர் முனையால் ஹால் அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்குகிறார். நான்கும் சேர்ந்து கத்துகின்றன. ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து, புதுக் காலண்டரில் அந்தத் தேதிமேல் ஒரு டிக் போடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடங்களில் ஒயரிங் வேலை பார்க்கும் ஒரு எலெக்ட்ரீசியன்